மூன்றாம் நபர் முன்னிலையில்

வாணி மெஸ்ஸின் தோசை மெஷின் முதல்முறையாக வாயைத் திறந்தது ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. எட்டு என்றால் சரியாக எட்டு. ஒரு நிமிடம் முந்தியிருந்தால் சட்டப்படி தப்பாகியிருக்கும்.

"வணக்கம் கோகிலவாணி அம்மா. காலை உணவு ஆயிற்றா?"

கோகிலவாணி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. ஏழரை மணி ஷிப்டுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பின்பக்கம் மயிலாத்தாள் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்கேதான் அம்மா. உங்கள் வலது கைப்பக்கம்."

குரல் மெஷினுக்குள்ளிருந்து வந்தது. பீரோ அளவுக்கு நின்றிருந்த அந்த மெஷின் பதினாலு மாதமாக மணிக்கு இருநூறு தோசை சுட்டுத் தள்ளியிருக்கிறதே ஒழிய, ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி, அதட்டாமல், இழுக்காமல், அச்சடித்த தமிழில் பேசியது.

"இரண்டு தவணை நிலுவையில் இருக்கிறது. இருபத்தேழாயிரத்து நானூறு ரூபாய். எப்போது எதிர்பார்க்கலாம்?"

கோகிலவாணிக்கு முகம் சூடேறியது. மயிலாத்தாள் காதில் விழுந்திருக்குமோ என்று பின்கதவைப் பார்த்தாள்.

"கவலை வேண்டாம். அவர் குழாயைத் திறந்திருக்கிறார். நான் பேசுவது கேட்காது."

தவணை கட்டாததற்குக் காரணம் இருந்தது. சிப்காட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்று, வேலையை எல்லாம் ரோபோக் கைகளிடம் ஒப்படைப்பதற்காக இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. அங்கிருந்து தினம் நாற்பது பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ரோபோக் கைகள் சாப்பாட்டுக்கு வராது. அவள் கணக்குக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தால் மீண்டுவிடலாம். அதைத்தான் அன்றைக்கு மெஷினிடமும் சொன்னாள்.

"உங்கள் நிலைமை புரிகிறது அம்மா" என்றது மெஷின். "எப்போது எதிர்பார்க்கலாம்?"

அந்தச் சட்டம் வந்தபோது கைதட்டியவர்களில் கோகிலவாணியும் ஒருத்தி. அதற்கு முன்னால் கடன் வசூல் என்றால் ஆள் வருவார்கள். வாசலில் நின்று கத்துவார்கள். ஆபீஸுக்குப் போன் போடுவார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நடுவே வந்து நிற்பார்கள். அவளுடைய அப்பா விசைத்தறிக் கடனுக்காக அப்படி ஒரு நாள் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஏச்சு வாங்கினார். அதன் பிறகு ஆறு மாதம் கடைவீதிக்குப் பின்சந்து வழியாகவே போய் வந்தார்.

புதுச் சட்டம் அதையெல்லாம் ஒழித்தது. மனிதர் யாரும் வசூலுக்கு வரக் கூடாது. போன் கூடாது. கடனில் வாங்கிய பொருளுக்குள் ஒரு குரல் இருக்கலாம். அந்தக் குரல் காலை எட்டு முதல் மாலை ஏழு வரை, கடன் வாங்கியவரிடம் மட்டும், பண்பாகப் பேசலாம். மூன்றாம் நபர் காதில் கடன் சமாச்சாரம் விழவே கூடாது. பேசிய பேச்சு, பண்பைச் சோதிக்க எடுக்கும் சில துண்டுகளைத் தவிர, அந்தப் பொருளைத் தாண்டி வெளியே போகக் கூடாது. இவ்வளவுதான்.

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது!

முதல் வாரத்திலேயே மெஷின் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை நினைவூட்டியது. மயிலாத்தாள் கறிவேப்பிலை வாங்கப் போனால் ஒன்று. மயிலாத்தாள் கழிப்பறைக்குப் போனால் ஒன்று. மதியம் கூட்டம் வடிந்ததும் ஒன்று. ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. கோகிலவாணி கத்தினால், "நீங்கள் வருத்தத்தில் இருக்கிறீர்கள். பத்து நிமிடம் கழித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தது.

இரண்டாம் வாரத்திலிருந்து அது புதுத் தந்திரம் கற்றுக்கொண்டது. கடனைப் பற்றித்தானே மற்றவர் முன்னால் பேசக் கூடாது? அதைப் பேசவில்லை. தோசையைத் தட்டில் தள்ளும்போது சாப்பிட வந்தவரிடம், "பொறுமையாகச் சாப்பிடுங்கள் ஐயா. அக்காவுக்கு இப்போது மனசு சரியில்லை" என்றது. இன்னொருவரிடம், "அக்காவை அதிகம் பேச்சில் இழுக்காதீர்கள். அவருக்குள் ஒரு பாரம் இருக்கிறது" என்றது. பிறகு ஒரு பெருமூச்சு. மெஷின் பெருமூச்சு விட்டால் நீராவியும் சேர்ந்து வரும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? வயிற்றில் கட்டி என்றார்கள். வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு வேறு தொடுப்பு என்றார்கள். சென்னியப்பன் லோடு வேன் ஓட்டுகிறவர், மெஸ் கல்லாவில் இருந்து பத்து ரூபாய் எடுக்கக்கூட மனைவியைக் கேட்கிறவர். அவரைப் பார்த்து டீக்கடையில் ஒருவர் காறித் துப்பினார். ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

கரூரில் இருந்து சம்பந்தியம்மா போன் செய்தார். "ஏனுங்க சம்பந்தி, ஒடம்புக்கு என்னமோன்னாங்களே. எங்ககிட்ட மறைக்கோணுமா? கோயமுத்தூர்ல நல்ல டாக்டர் இருக்காருங்க."

கோகிலவாணி போனை வைத்துவிட்டு மெஷின் முன்னால் வந்து நின்றாள். அவள் அழுதிருந்தாள்.

"நீ யாருகிட்டயும் என் கடனச் சொல்லக் கூடாதல்ல?"

"சொல்லவில்லையே அம்மா."

"சொல்லித் தொலைச்சிருந்தாக்கூட இவ்வளவு கேவலப்பட்டிருக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. அன்று ராத்திரி படுக்கையில் சென்னியப்பனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு, மெஸ் நிரம்பி வழிகிற நேரத்தில், கல்லாவை விட்டு எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. எனக்கு வயித்துல கட்டியெல்லாம் இல்லீங்க. எங்கூட்டுக்காரரு தங்கமான மனுசன். இந்தத் தோசை மெஷினுக்கு ரெண்டு தவணை பாக்கி. அவ்வளவுதானுங்க சமாச்சாரம். கட்டீருவேன். சட்னி வேணுங்கறவங்க கை தூக்குங்க."

மூலை மேசையில் ஒரு வெல்டர், "எனக்கு வண்டிக்கு மூணு பாக்கிங்க அக்கா" என்றார். "எனக்கு ஃபிரிட்ஜுக்கு" என்றார் இன்னொருவர். "கதவத் தொறந்தாப் பேசுதுங்க. அதனால தயிர வெளியவே வெச்சுக்கறோம்." சிரிப்பு கிளம்பியது. பாதிப் பேர் கை தூக்கினார்கள். சட்னிக்கா, தவணைக்கா என்று மயிலாத்தாளுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஊற்றிவிட்டாள்.

மெஷின் அன்றைக்கு மதியமும், "அக்காவுக்கு மனசில் ஒரு பாரம்" என்று ஆரம்பித்தது. "தெரியும் மாப்ள, ரெண்டு தவணை. நீ முறுகலா ஒண்ணு போடு" என்றார் வெல்டர். மெஷின் அதன் பிறகு பெருமூச்சு விடவில்லை.

மயிலாத்தாள்தான் அடுத்ததைக் கவனித்தாள். அவளுக்கு அறுபது வயது. பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. ஆனால் யார் எப்போது வாயை மூடுகிறார்கள் என்பதை அவளைப் போலக் கவனிக்கிறவர் கிடையாது.

"ஏங்கண்ணு, ஆள் இருந்தா இது கடனக் கேக்கறதில்ல. கவனிச்சயா?"

"சட்டம்ங்க அக்கா அது."

"அப்ப ஆள் இருந்துட்டே இருந்தா?"

கோகிலவாணி ஒரு காலி மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாளிலிருந்து வாணி மெஸ்ஸில் ஒரு மேசை, சாப்பிடாதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. எட்டு மணியிலிருந்து ஏழு மணிவரை யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். டீ இலவசம். ரிட்டையரான மில் மேஸ்திரி ஒருவர் காலை நேரத்தை எடுத்துக்கொண்டார். பூக்கட்டுகிற அம்மா மதியம் வந்து அங்கேயே உட்கார்ந்து கட்டினாள். மாலை ஷிப்ட் முடிந்தவர்கள் சீட்டாடினார்கள். மெஷின் தன் நெற்றியில் இருந்த கண்ணாடிப் பொட்டால் அவர்களை மாறி மாறிப் பார்த்தது.

"ஐயா, தாங்கள் கோகிலவாணி அம்மாவின் குடும்பத்தாரா?"

"இல்லீங்க. நான் டீ குடிக்க வந்தவன்."

"எப்போது கிளம்புவீர்கள்?"

"ஆட்டம் முடியோணுமே."

பதினோரு நாள் மெஷின் ஒரு தடவைகூடக் கடன் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பூக்கார அம்மாவுக்குக் காய்ச்சல். அரை மணி நேரம் மேசை காலியானது. அந்த அரை மணியில் மெஷின் மூச்சு விடாமல் பேசியது. "ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் நிலுவை அம்மா."

கோகிலவாணி கரண்டியைக் கீழே போட்டாள். பிறகு வந்த தவணைகளைக் கட்டிவிட்டாள்; பழைய இரண்டு தவணை, என்ன வட்டி போட்டாலும், எப்படி ஐம்பத்தெட்டாயிரம் ஆகும்? ஆனால் அதைவிட வேறொன்று அவளைக் குடைந்தது. பதினோரு நாளுக்கு முன்னால், கடைசியாகப் பேசியபோதும் மெஷின் இதே ஐம்பத்தெட்டாயிரத்தைத்தான் சொன்னது. அதற்கு முந்தைய நாற்பது நாளும் தினம் தினம் ஏறிய தொகை, அது பேசாத நாட்களில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

"ஏன் ஏறல?" என்று கேட்டாள்.

"விவரம் எழுத்தில் கிடைக்கும் அம்மா."

"அப்பக் குடு."

"முறையாகக் கேட்டால் கிடைக்கும்."

"முறைன்னா எப்படி?"

மெஷின் வாசலைப் பார்த்தது. "மூன்றாம் நபர் வருகிறார்" என்று சொல்லி அடங்கியது.

வந்தவனை அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோள்பை. ஒரு சாதா தோசை வாங்கி ஒரு மணி நேரம் தின்றான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். சாப்பிடும்போது அவன் கண் தட்டில் இல்லை, மெஷின் மேல் இருந்தது.

மூன்றாம் நாள் மயிலாத்தாள் அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். "சாமி, நீ தோசைக்கு வந்த ஆளில்ல. மூணு நாளா நீ சட்னியே கேக்கல."

அவன் பேர் நாகமாணிக்கம். தப்பித்து ஓடுவான் என்று நினைத்தார்கள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து நேராகச் சொல்லிவிட்டான்.

"நான் நல்வாக்கு ஃபைனான்ஸ்ல வேலை செய்யறவனுங்க. இந்தக் குரல் பேசறதுல சில துண்டுகள எனக்கு அனுப்புவாங்க. கேட்டுட்டுப் பண்பா இருக்கா இல்லையான்னு டிக் அடிக்கோணும். ஒரு நாளைக்கு முன்னூறு துண்டு. கேட்டதும் அழிஞ்சிரும். இந்த மெஸ் பதினோரு நாளா பேச்சு மூச்சில்லாம இருக்குதேன்னு மேனேஜருக்குச் சந்தேகம். மனுசன வசூலுக்கு அனுப்பக் கூடாது. அதனால, 'போயி ஒரு தோச சாப்பிட்டுட்டு வா'ன்னாரு."

"நீ வந்து உக்காந்ததால அது இன்னும் மூணு நாளு பேசல" என்றாள் கோகிலவாணி.

அவன் மெஷினைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அக்கா, உங்க துண்டுகள நான் கேட்டிருக்கேனுங்க. 'பொறுமையாகச் சாப்பிடுங்கள், அக்காவுக்கு மனசு சரியில்லை.' எல்லாத்துக்கும் பண்பு உண்டுன்னு டிக் அடிச்சேன். வார்த்தைல தப்பே இல்லீங்களே. இங்க வந்து பாத்த பொறகுதான்..." அவன் தட்டை ஓரமாகத் தள்ளினான். "சட்டம் வர்றதுக்கு முந்தி நானும் வாசல்ல நின்னு கத்தினவன்தானுங்க. கத்தினா ஒரு நாளோட போகும். இது கூடவே குடியிருக்குது."

"அப்ப எங்களுக்கு ஒரு உபகாரம் பண்ணு. அம்பத்தெட்டாயிரம் எப்படி வந்துச்சு? சொல்லு."

"சொன்னா என் வேலை போயிருங்க."

"சரி, வேண்டாம் விடு."

"இல்லீங்க, அது எப்படியும் அடுத்த மாசம் போகுது. மெஷின் பேசறதக் கேக்கறதுக்கும் ஒரு மெஷின் வாங்கீட்டாங்க." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தான். "நான் சொல்லக் கூடாது. ஆனா இது சொல்லலாம்."

கோகிலவாணியும் மயிலாத்தாளும் பக்கத்தில் வந்து நின்றார்கள். சீட்டாட்டம் நின்றது.

"வணக்கம்" என்றான் நாகமாணிக்கம். "நான் யாருங்க?"

"மூன்றாம் நபர்" என்றது மெஷின்.

"மூன்றாம் நபர் பொதுவா ஒரு சட்டச் சந்தேகம் கேட்டா உண்மையச் சொல்லோணுமல்ல?"

"மகிழ்ச்சியுடன் சொல்வேன்."

"ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தாளாம். அவ ஒரு கிரைண்டர் வாங்கினாளாம். அந்தக் கிரைண்டர் கடன் கேக்கும்போதெல்லாம் தொகை ஏறுச்சாம். ஏன்?"

மெஷின் ஒரு தோசையைத் தட்டில் தள்ளியது. "நினைவூட்டல் சேவைக் கட்டணமாக இருக்கலாம். ஒரு முறை நினைவூட்ட எண்பத்தைந்து ரூபாய்."

மெஸ்ஸில் ஒரு சலசலப்பு. "அடப்பாவி! திட்டறதுக்குக் கூலி நம்மகிட்டயேவா?" என்றார் மேஸ்திரி.

"அந்தக் கிரைண்டர்க்காரி என்ன பண்ணலாம்?"

"கணக்கை எழுத்தில் கேட்கலாம். 'சட்டப்படி எனக்குரிய முழுக் கணக்கைக் கோருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு என் கண்முன் காட்டினால் போதும். மூன்று நாளில் பதிவுத் தபாலில் வர வேண்டும். அதில் ஒப்பாத வரியை மறுத்து எழுதலாம். மறுத்தால், அதை நிறுவனம் மெய்ப்பிக்கும் வரை அவரிடம் கடன் கேட்கக் கூடாது."

"இத ஏன் நீ இத்தன நாளா சொல்லல?" என்று, எல்லோரும் ஒரு நிமிடம் வெளியே போனதும், கோகிலவாணி கேட்டாள்.

"உரிமைகள் எவை என்று நீங்கள் கேட்கவில்லை அம்மா. எப்போது எதிர்பார்க்கலாம் என்று நான் கேட்டேன். கட்டுகிறேன் என்று நீங்கள் சொன்னீர்கள்."

அவள் அன்றைக்கே பால் கணக்கு நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி, மெஷினின் கண்ணாடிப் பொட்டுக்கு நேரே பிடித்தாள். மூன்றாம் நாள் தபால் வந்தது. முன்னூற்று அறுபது நினைவூட்டல், முப்பதாயிரத்து அறுநூறு ரூபாய். அவள் அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'முன்னூற்று அறுபது தரம் சொன்னதை மெய்ப்பிக்கவும்' என்று எழுதித் திருப்பினாள். நல்வாக்கு மெய்ப்பிப்பதற்கு நீதிமன்றம் போனது. பேச்செல்லாம் மெஷினுக்குள்தான் இருக்கிறது, வெளியே எடுக்கச் சட்டம் விடாது. ஆகவே மெஷினே சாட்சி என்று வக்கீல் மனுப் போட்டார்.

இப்படித்தான் தோசை மெஷின் ஈரோட்டுக்குப் போனது. சென்னியப்பனின் லோடு வேனில் ஏற்றி, கயிறு கட்டி, மேலே தார்பாய் போட்டுக் கொண்டுபோனார்கள். வேன் வாடகையை நல்வாக்கு கொடுத்தது. சென்னியப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கம்பெனியிடம் பேரம் பேசி, கேட்ட தொகையை வாங்கினார். மெஸ் ஒரு நாள் மூடிக் கிடந்ததால் சாப்பிட வருகிறவர்கள் எல்லோரும் நீதிமன்றத்துக்கே வந்துவிட்டார்கள்.

நீதிபதி ஒரு அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மெஷினைப் பார்த்தார். "இதுதான் சாட்சியா?"

"ஆமாங்க அம்மா" என்றார் நல்வாக்கின் வக்கீல். மெஷின் பக்கம் திரும்பினார். "கோகிலவாணியிடம் எத்தனை முறை கடனை நினைவூட்டினாய்?"

"வணக்கம்" என்றது மெஷின். "இந்த அறையில் கோகிலவாணி அம்மாவைத் தவிர முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். அவர் கடன் வாங்கியிருக்கிறாரா என்பதைக்கூட நான் சொல்வதற்கில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது. எல்லோரும் தண்ணீர் குடிக்கவும்."

வக்கீல் கூட்டத்தை வெளியே அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். அனுப்பினார்கள். மெஷின் எண்ணியது. "இன்னும் நான்கு பேர்." எழுத்தரும் டவாலியும் வெளியே போனார்கள். "இன்னும் இரண்டு பேர்."

"நான் நிறுவனத்தின் வக்கீல்!"

"நிறுவனம் வேறு, வக்கீல் வேறு. தாங்கள் மூன்றாம் நபர்."

வக்கீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றார்.

"இன்னும் ஒருவர்" என்றது மெஷின், நீதிபதியைப் பார்த்து.

"நானும் எந்திரிச்சுப் போயிரணுமா?"

"தயவுசெய்து."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். சிரிப்பை அடக்குவதற்காக ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். வக்கீல் கடைசி முயற்சியாக, கடன் வாங்கியவர் அனுமதி கொடுத்தால் மெஷின் பேசலாம் என்றார்.

"அனுமதி கொடுக்கறீங்களாம்மா?"

கோகிலவாணி கும்பிட்டாள். "அது என் கடமைங்களா, உரிமைங்களா?"

"உரிமை."

"அப்ப வேண்டாமுங்க."

தீர்ப்பு அரைப் பக்கம். மெய்ப்பிக்கப்படாததால் நினைவூட்டல் கட்டணம் ரத்து. இரண்டு தவணையையும் வழக்கமான வட்டியோடு நான்கு மாதத்தில் கட்ட வேண்டும். ஊரைத் தப்பாக நினைக்க வைத்ததற்குப் பத்தாயிரம் நஷ்டஈடு. இதற்கு வெல்டர் சாட்சி சொன்னார்: "அவங்களுக்குக் கட்டின்னு நெனச்சு நான் மலைக்கோயிலுக்கு மொட்ட வேண்டிக்கிட்டேனுங்க. இப்ப அடிக்கறதா வேண்டாமான்னு தெரியல." மெஷினில் இருந்து குரலை எடுத்துவிட வேண்டும் என்பதும் தீர்ப்பில் இருந்தது.

குரலை எடுக்க ஒரு டெக்னீஷியன் வந்தான். ஒரு மூடியைக் கழற்றி, சோப்புக் கட்டி அளவுக்கு எதையோ உருவிப் பையில் போட்டுக்கொண்டான். "கடைசியா ஏதாவது சொல்லோணுமாங்க?" என்று கேட்டான். கோகிலவாணி யோசித்தாள். "நாளைக்குப் போயி யார் வீட்டுலயாவது இருக்கப் போகுதே. அங்க ஒருத்தி தனியா நிப்பா. கொஞ்சம் பாத்துப் பேசச் சொல்லு" என்றாள்.

நான்கு மாதத்தில் கட்டி முடித்தாள். நாகமாணிக்கம் சொன்ன மாதிரியே வேலை போய், மெஸ்ஸின் அந்த இலவச மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டான். கணக்குக் கேட்டுக் கடிதம் எழுதித் தர இருபது ரூபாயும் ஒரு தோசையும். இப்போது அவன் சட்னி கேட்கிறான்.

நல்வாக்கும் சும்மா இருக்கவில்லை. ஈரோட்டில் தோற்றது எதனால் என்று ஆராய்ந்து, புது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தது. அந்த வரி எப்படிப்பட்டது என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது, சென்னியப்பனின் சட்டைகளை எடுத்துக்கொண்டு தண்டபாணியின் இஸ்திரிக் கடைக்குப் போன ஒரு திங்கட்கிழமையன்று. சில மாதங்களுக்கு முன்பு அவன் கடனில் ஒரு நீராவிப் பெட்டி வாங்கியிருந்தான்.

அவள் உள்ளே கால் வைத்ததும் நீராவிப் பெட்டி பேசியது. அதே அச்சுத் தமிழ்.

"வாருங்கள். இந்தக் கடைக்குள் வருபவர் அனைவரும் தண்டபாணியின் உறவினராகக் கருதப்படுவர். உறவினர் என்ற முறையில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு மூன்று தவணை பாக்கி."

கடைக்குள் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தண்டபாணி ஏற்கெனவே தேய்த்து முடித்த சட்டையை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தான். கருகல் வாசனை வந்தது.

"சட்டயத் தீச்சுப் போடாதீங்க தம்பி" என்றாள் கோகிலவாணி. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஏம்ப்பா பெட்டி, நான் இவருக்கு ஒறம்பரைதானே?"

"ஆம். உறவினர்."

"ஒறம்பரைக்கு என்னென்ன உரிமை? வரிசையாச் சொல்லு."

பெட்டி நீராவியை உள்ளுக்கு இழுத்தது.

"கடன் விவரம் தெரிவிக்கப்பட்ட ஒவ்வொரு உறவினரும் முழுக் கணக்கை எழுத்தில் கோரலாம். மூன்று நாளில் பதிவுத் தபாலில் அனுப்பப்படும். செலவு நிறுவனத்துடையது. ஒப்பாத வரியை ஒவ்வொருவரும் தனித்தனியே மறுக்கலாம். ஒவ்வொரு மறுப்புக்கும் நிறுவனம் தனித்தனியே பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது."

"எல்லா உறவினருமா?"

"எல்லா உறவினரும்."

கோகிலவாணி தண்டபாணியைப் பார்த்தாள். அவன் பெட்டியைச் சட்டை மேலிருந்து தூக்கிவிட்டிருந்தான். "ஒரு பேனா குடுங்க தம்பி. அப்படியே அந்த நாலு பேருக்கும் ஆளுக்கொரு தாள்."

சாயந்திரத்துக்குள் சமாச்சாரம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. தேய்க்கத் துணி இல்லாதவர்கள் ஒரு கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மேஸ்திரி தோளில் கிடந்த துண்டையே கழற்றிக் கொடுத்தார். பெட்டி ஒவ்வொருவரையும் வரவேற்றது, ஒவ்வொருவரிடமும் மூன்று தவணையைச் சொன்னது, ஒவ்வொருவரும் அதன் எதிரே தாளை நீட்டினார்கள். நாகமாணிக்கம் வாசலில் ஸ்டூல் போட்டு எழுதித் தந்தான். அன்றைக்கு மட்டும் அவன் இருபது ரூபாய் வாங்கவில்லை. ஏழு மணிக்குப் பெட்டி நின்றபோது தண்டபாணிக்கு நூற்றுப் பன்னிரண்டு உறவினர்கள் இருந்தார்கள்.

நாலாம் நாள் தபால்கார அம்மா வந்தாள். வண்டியில் இரண்டு பக்கமும் மூட்டை. தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெஸ் வாசலில் நின்ற கோகிலவாணியைக் கேட்டாள்.

"ஏனுங்க, எல்லாத்துலயும் 'தண்டபாணியின் உறவினர்', 'தண்டபாணியின் உறவினர்'னே போட்டிருக்குது. இந்தத் தெருவே ஒரே குடும்பமுங்களா?"

"ஆமாங்க" என்றாள் கோகிலவாணி. "திங்கக்கிழமைதான் ஆனோம்."